பெப்பர், டீ, டாஸ்: பேஸ்பால் வார்ம்-அப் பயிற்சிகளால் ஸ்விங் திருந்துமா? முழுமையான வழிகாட்டி

நாலைந்து பேர் அரைவட்டமாக நிற்பார்கள். அவர்களுக்கு எதிரே 20 அடி தள்ளி ஒருவர் மட்டையோடு நிற்பார். ஒருவர் பந்தை மெல்லப் போடுவார், மட்டைக்காரர் தட்டிவிடுவார், யார் பக்கம் வருகிறதோ அவர் அள்ளி உடனே மறுபடி போடுவார். இதற்குப் பெயர் பெப்பர். 1920, 30களில் அமெரிக்காவெங்கும் ஊர் ஊராகச் சென்று ஆடிய ஹவுஸ் ஆஃப் டேவிட் என்ற தாடிக்கார அணி, இதையே கண்கட்டு வித்தைபோல ஆடிக் காட்டிக் கூட்டம் சேர்த்தது. பின்னாளில் புல்தரை தேய்கிறது, பார்வையாளர்மேல் பந்து பாய்கிறது என்று பல மைதானங்களில் பெப்பர் ஆடத் தடை என்றே பலகை வைத்தார்கள். அந்த அளவுக்கு எல்லாருக்கும் பிடித்த ஆட்டம் இது.

பிடித்த ஆட்டம் என்பதாலேயே இது ஸ்விங்கையும், அதாவது மட்டையைச் சுழற்றி அடிக்கும் முறையையும், வளர்க்கும் என்று நம்பிவிடுகிறோம். நானும் நம்பினேன். ஒரு பருவம் முழுக்கத் தினமும் அரை மணி நேரம் பெப்பர் ஆடினேன். கேட்ட ஆளின் கைக்குப் பந்தை அனுப்பும் அளவுக்குக் கை பழகிவிட்டது. ஆனால் ஆட்டத்தில் நான் அடித்ததெல்லாம் ஷார்ட்ஸ்டாப்பை, அதாவது இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு இடையே நிற்கும் தடுப்பாளரை, நோக்கி உருண்டது. காரணம் புரியாமல் ஒருநாள் கைபேசியில் படம்பிடித்துப் பார்த்தேன். பந்தை அடிக்கும் நொடியில் என் பின்கால் பாதம் தரையில் அப்பிக் கிடந்தது. இடுப்பு திரும்பவே இல்லை. பெப்பரில் எப்படித் தட்டினேனோ அப்படியேதான் ஆட்டத்திலும் தட்டிக்கொண்டிருந்தேன், கொஞ்சம் வேகமாக.

அதனால் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பயிற்சிகள் கண்ணையும் கையையும் வளர்க்கும். காலும் இடுப்பும் சேர்ந்து செய்யும் வேலையை, அப்படியே ஆடினால், வளர்க்காது. சில சமயம் கெடுக்கவும் செய்யும். எதை எங்கே வைப்பது, எதை எப்படி மாற்றி ஆடுவது என்பதை ஒவ்வொரு படியாகப் பார்ப்போம். வலக்கை ஆட்டக்காரரை மனதில் வைத்தே எழுதுகிறேன். இடக்கை ஆட்டக்காரர்கள் இடம் வலத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 1: எது நல்ல ஸ்விங் என்று கண்ணுக்குப் பிடிபட வேண்டும்

பந்தெறியும் பிட்சர் நிற்கும் ரப்பர் தட்டிலிருந்து, மட்டைக்காரர் அருகே நிற்கும் ஹோம் பிளேட் வரை 60 அடி 6 அங்குலம். 1893 முதல் இந்தத் தூரம் மாறவில்லை. மணிக்கு 90 மைல் வேகப் பந்து பிட்சரின் கையைவிட்டு பிளேட்டைத் தொட ஏறக்குறைய 0.4 நொடிதான் ஆகும். அதில் மட்டை சுழலவே 0.15 நொடி போய்விடும். மிச்சமிருப்பது கால் நொடி. அதற்குள் பார்த்து, முடிவெடுத்து, உடம்பைத் தொடங்கிவைக்க வேண்டும்.

இவ்வளவு குறுகிய நேரத்தில் கைபலம் மட்டும் போதாது. வேகம் தரையிலிருந்து ஏற வேண்டும். முன்கால் அடியெடுத்து ஊன்றும்போது கைகள் பின்னாலேயே தங்கியிருக்கும். குதிகால் தரையில் பட்டதும் இடுப்பு திரும்பத் தொடங்கும். அதைத் தொடர்ந்து மார்பு, பிறகு தோள், கடைசியில்தான் கையும் மட்டையும். சாட்டையை வீசும்போது பிடியில் தொடங்கிய விசை நுனிக்குப் போய்ச் சொடுக்குகிறதே, அதே வரிசை. இடுப்புக்கு முன்னால் கை கிளம்பினால் சாட்டை வெறும் குச்சியாகிவிடும்.

பந்தைத் தொடும் நொடியில் பார்க்க வேண்டியவை நான்கு. முன்கால் விறைத்து நின்று உடம்பின் ஓட்டத்தைத் தடுக்கிறதா? பின்பாதத்தின் குதிகால் எழும்பி, முழங்கால் பிட்சரை நோக்கித் திரும்பியிருக்கிறதா? பின்கை முழங்கை மடிந்து விலாவை ஒட்டி இருக்கிறதா? வலது உள்ளங்கை வானத்தையும் இடது உள்ளங்கை தரையையும் பார்க்கின்றனவா? தலை அசையாமல் இருக்க வேண்டும் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. இந்த நான்கும் சரியாக இருந்தால் பெரும்பாலும் தலையும் நிலையாகவே இருக்கும்.

மட்டை போகும் பாதையும் முக்கியம். பிட்சர் மேட்டிலிருந்து எறிவதால் வேகப்பந்துகூட பிளேட்டருகே சுமார் 6 டிகிரி இறங்கியே வருகிறது. வளைபந்து இன்னும் சரிந்து வரும். அந்தச் சரிவுக்கு எதிராக மட்டை லேசாக மேல்நோக்கிப் போனால், பந்தும் மட்டையும் ஒரே கோட்டில் கூடுதல் நேரம் இருக்கும். 1941-ல் .406 சராசரி (ஆயிரம் வாய்ப்புக்கு 406 வெற்றிகரமான அடி என்ற கணக்கு) எடுத்த டெட் வில்லியம்ஸ் வலியுறுத்தியது இதைத்தான். மேலிருந்து கீழே வெட்டினால் இரண்டும் ஒரே ஒரு புள்ளியில் குறுக்கிடும். நேரம் இம்மி பிசகினால் போச்சு.

படி 2: ஒவ்வொரு பயிற்சியும் எதைத் தொடுகிறது, எதைத் தொடவில்லை

முதலில் பெப்பர். 20 அடியிலிருந்து மணிக்கு 25 மைல் வேகத்தில் போட்ட பந்து வந்துசேர அரை நொடிக்குக் கொஞ்சம் கூடுதலாகும். நேரத்தை மட்டும் பார்த்தால் உண்மையான பிட்சுக்கு அவ்வளவு தூரமில்லை. கண் பந்தைப் பிடிப்பதும் கை அதைத் தேடிப்போவதும் பழகுவது இதனால்தான். ஆனால் மெல்லப் போட்ட பந்து வில்லாக ஏறி இறங்கும். கணக்குப் போட்டால், மட்டைக்கு வரும்போது சுமார் 13, 14 டிகிரி சரிவு. வேகப்பந்தின் சரிவைப்போல இரு மடங்கு. அந்தச் சரிவான பந்தை, எதிரே நிற்பவருக்குத் தரையோடு போக வேண்டும் என்பதற்காக நாம் மேலிருந்து அமுக்குகிறோம். அப்போது உடம்பு கற்பது மூன்று விஷயங்கள்: மேலிருந்து வெட்டுவது, இடுப்பை நிறுத்திவைப்பது, பந்தைத் தொட்டதும் மட்டையை நிறுத்திவிடுவது. மூன்றுமே முழு ஸ்விங்குக்கு நேர் எதிர்.

அதற்காகப் பெப்பரைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. மட்டையைக் கட்டுக்குள் வைக்கும் திறமை பெரிய சொத்து. 2022, 2023, 2024 என்று தொடர்ந்து மூன்று ஆண்டு, மூன்று வெவ்வேறு அணிகளுக்கு ஆடி, பேட்டிங் பட்டம் (லீக்கில் அந்த ஆண்டின் மிக உயர்ந்த சராசரிக்கானது) வென்ற லூயிஸ் அராயஸைப் பாருங்கள். உயர்மட்டத் தொழில்முறை ஆட்டமான மேஜர் லீக்கில் சராசரி ஸ்விங் வேகம் மணிக்கு 72 மைல் அளவில் இருக்க, அவருடையது 63-ஐ ஒட்டியே இருக்கிறது. லீக்கிலேயே மிக மெதுவானவர்களில் ஒருவர். ஆனாலும் மட்டையின் பருத்த பாகத்தைப் பந்தில் கொண்டுபோய் வைப்பதில் அவருக்கு நிகர் குறைவு. இரண்டு ஸ்ட்ரைக் விழுந்த நேரத்திலும் (மூன்றாவது விழுந்தால் அவுட்), பேஸில் நிற்கும் ஓட்டக்காரரை அடுத்த பேஸுக்கு நகர்த்த வேண்டிய நேரத்திலும் பெப்பர் கை கைகொடுக்கும். ஆனால் பெப்பரை மட்டும் ஆடி யாரும் அராயஸ் ஆகிவிட முடியாது.

டீ, அதாவது ஒரு கம்பத்தின்மேல் பந்தை நிறுத்திவைத்து அடிப்பது. பந்து அசையாததால் நேரக்கணிப்பு வளராது. ஆனால் உடம்பின் வரிசையைச் சீர்படுத்த இதைவிட நல்ல இடம் கிடையாது. எட்டு முறை பேட்டிங் பட்டம் வென்ற டோனி க்வின் தன் தொழில்வாழ்க்கை முழுக்க டீயை விடவில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

பக்கவாட்டில் மண்டியிட்டு ஒருவர் போடும் சைடு டாஸ் கைக்குச் சூடேற்றும், அவ்வளவுதான். ஆட்டத்தில் எந்தப் பந்தும் அந்தத் திசையிலிருந்து வராது. நேர் எதிரே, தடுப்பு வலைக்குப் பின்னாலிருந்து போடும் முன் டாஸ்தான் இதைவிட மேல்.

மட்டையில் கனமான வளையத்தை மாட்டிச் சுழற்றுவது பற்றியும் ஒரு வார்த்தை. கழற்றியதும் மட்டை இறகுபோல இருக்கும், வேகம் கூடியதாகத் தோன்றும். அளந்து பார்த்த ஆய்வுகள் பலவற்றில் அடுத்த சில ஸ்விங்குகளின் வேகம் குறைந்துதான் இருந்தது. உங்கள் வழக்கமான மட்டையையே சுழற்றுங்கள். அந்த நேரத்தில் பிட்சரின் அசைவைப் பார்த்து, அவர் கை பந்தை விடும் தருணத்துக்கு உங்கள் முன்காலைப் பழக்குங்கள். பலன் அதில் இருக்கிறது.

படி 3: பெப்பரை மாற்றி ஆடுங்கள்

அதிகக் கவனம் தேவைப்படும் படி இதுதான். பெப்பரில் பந்தைத் திசைதிருப்ப இரண்டு வழி உண்டு. ஒன்று, மணிக்கட்டை முறுக்கி மட்டையைச் சாய்த்துத் தள்ளுவது. எல்லாரும் செய்வது இதுதான், எளிதும்கூட. மற்றது, பந்தைச் சந்திக்கும் இடத்தை மாற்றுவது. பந்து உங்களுக்கு முன்னால் இருக்கும்போதே சந்தித்தால் அது இடப்பக்கம் போகும். உடம்பருகே வரவிட்டுச் சந்தித்தால் வலப்பக்கம் போகும். ஆட்டத்திலும் இதே விதிதான்: உடம்பை ஒட்டி வரும் உள்பக்கப் பந்தை முன்னால், விலகி வரும் வெளிப்பக்கப் பந்தைக் கொஞ்சம் பின்னால். முதல் வழியில் ஆடினால் பெப்பர் மணிக்கட்டு விளையாட்டு. இரண்டாவது வழியில் ஆடினால் அது ஸ்விங் பயிற்சி.

எப்படிச் செய்வது? மூன்று பேர் போதும். அவர்களை 20 அடியிலிருந்து 30 அடிக்குத் தள்ளி நிறுத்துங்கள். சாதாரணப் பந்தின் எடை 142 முதல் 149 கிராம். அது முகத்தில் பட்டால் விபரீதம். எனவே மென்மையான பயிற்சிப் பந்தையே எடுங்கள். போடுபவர் வில்லாகத் தூக்கிப் போடாமல், கையைத் தாழ்த்தி ஈட்டிபோல நேராகப் போடட்டும். சரிவு குறைந்துவிடும்.

மட்டையின் பிடியில் கையை ஓர் அங்குலம் மேலேற்றிப் பிடியுங்கள். வேகம் பாதி போதும். ஆனால் அசைவு முழுமையாக இருக்க வேண்டும்: முன்கால் ஊன்ற வேண்டும், இடுப்பு திரும்ப வேண்டும், பின் குதிகால் எழும்ப வேண்டும். தரையில் உருட்டாமல், ஒரே ஒரு முறை தரையில் குத்தி எழும்பிப் பிடிப்பவரின் மார்பளவுக்குப் போகும்படி அடியுங்கள். தொட்டதும் மட்டையை நிறுத்தாமல் தோள்வரை மெதுவாகக் கொண்டுபோய் முடியுங்கள். மெதுவாக ஆடுவதும் பாதியில் நிறுத்துவதும் ஒன்றல்ல. இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் பெப்பரின் கெடுதலில் பெரும்பகுதி நீங்கிவிடும்.

பழகிய பிறகு, போடுபவர் பந்தை விடும்போதே 'இடம்', 'நடு', 'வலம்' என்று கூவட்டும். நீங்கள் சந்திக்கும் இடத்தை மாற்றி அங்கே அனுப்ப வேண்டும். தொடக்கத்தில் பத்தில் நாலு சரியாகப் போனாலே நல்லது. தவறும்போது மணிக்கட்டு உதவிக்கு ஓடிவரும். வரவிடாதீர்கள். பந்து தப்பான இடத்துக்குப் போனாலும் பரவாயில்லை, உடம்பு சரியாகத் திரும்ப வேண்டும்.

ஒருவருக்கு 15 பந்து. அதற்கு மேல் போனால் அசைவு சுருங்கத் தொடங்கிவிடும். பேச்சும் சிரிப்புமாக ஆடும் ஆட்டம் என்பதால் யாருக்கும் அது தெரியாது.

படி 4: டீயில் முழு ஸ்விங்குக்குத் திரும்புங்கள்

பெப்பர் முடிந்த கையோடு நேராக ஆட்டத்துக்குப் போகாதீர்கள். முதலில் பந்தில்லாமல் ஐந்து முழு ஸ்விங், முழு வேகத்தில். இதுவரை பாதி வேகத்தில் பழகிய உடம்புக்கு இப்போது முழு வேகம் என்று அறிவிப்பது அது.

பிறகு டீ. பெரும்பாலானோர் இங்கே ஒரு தவறு செய்கிறார்கள். டீயைத் தொப்புளுக்கு நேராக வைத்துக்கொண்டு அடிக்கிறார்கள். உண்மையில் நடுப்பந்தைச் சந்திக்கும் இடம், அடியெடுத்து ஊன்றிய முன்பாதத்தை ஒட்டியே இருக்கும். ஒரு ஸ்விங்கை மெதுவாக ஆடி, முன்கால் எங்கே ஊன்றுகிறது என்று பாருங்கள். டீ அதற்கு நேரே வரட்டும். ஹோம் பிளேட்டின் அகலம் 17 அங்குலம். உள்பக்கப் பந்துக்கு டீயை அந்த அகலத்தின் உள் ஓரத்துக்கு நகர்த்தி இன்னும் ஒரு பந்தளவு முன்னால் வையுங்கள். வெளிப்பக்கத்துக்கு வெளி ஓரத்தில், முன்பாதத்துக்கு ஓர் உள்ளங்கையளவு பின்னால்.

மூன்று இடத்திலும் ஐந்தைந்து பந்து. ஒவ்வொரு அடிக்குப் பிறகும் நிலைமாறாமல் இரண்டு நொடி நில்லுங்கள். தள்ளாடினால் எங்கோ வரிசை பிசகியிருக்கிறது. பின்பாதம் தரையில் அப்பியிருந்தால் பெப்பர் இன்னும் உங்களை விடவில்லை என்று பொருள். அப்போது டீயிலேயே இன்னும் பத்து பந்து அடித்துவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

பந்து எதிரே கட்டிய வலையில் எங்கே படுகிறது என்று பாருங்கள். டீயின் உயரத்துக்குச் சற்று மேலே பட வேண்டும். தொடர்ந்து கீழே பட்டால் வெட்டுகிறீர்கள்.

படி 5: முன் டாஸில் கலந்து போடச் சொல்லுங்கள்

20 முதல் 25 அடி தூரத்தில், தடுப்பு வலைக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்து கீழ்க்கையால் போடட்டும். வலை இல்லாமல் இதைச் செய்யவே கூடாது. இவ்வளவு கிட்டத்திலிருந்து முழு ஸ்விங்கில் திரும்பும் பந்தை யாராலும் தவிர்க்க முடியாது.

ஒரே வேகத்தில், ஒரே இடத்தில் போடும் பந்தை அடித்து அடித்து வரும் தன்னம்பிக்கை ஆட்டத்தில் நிற்காது. 1994-ல் வெளியான ஓர் ஆய்வில், 30 கல்லூரி ஆட்டக்காரர்களை மூன்றாகப் பிரித்தார்கள். இரண்டு குழுக்களுக்கு ஆறு வாரம், வாரம் இருமுறை, ஒவ்வொரு முறையும் 45 பந்து கூடுதல் பயிற்சி. வேகப்பந்து, வளைபந்து, மெதுபந்து என மூன்று வகைக்கும் 15. ஒரு குழுவுக்கு வகைவாரியாகப் போட்டார்கள், மற்றதற்கு முன்னறிவிப்பின்றிக் கலந்து போட்டார்கள். முடிவில் வகைவாரிக் குழு சுமார் 25 சதவீதம் முன்னேறியது. கலந்து ஆடிய குழு சுமார் 57 சதவீதம். கூடுதல் பயிற்சியே இல்லாத மூன்றாவது குழுவின் முன்னேற்றம் சுமார் 6 சதவீதம். பயிற்சி பெற்ற இரு குழுக்களுக்கும் பந்தின் எண்ணிக்கை ஒன்றுதான். வித்தியாசம் முழுக்க அடுத்தது என்ன என்று தெரியாமல் இருந்ததில்.

எனவே முதல் ஐந்து பந்து மட்டும் ஒரே மாதிரி. பிறகு வேகத்தையும் இடத்தையும் அவர் இஷ்டத்துக்கு மாற்றட்டும். நடுநடுவே அடிக்கவே முடியாத பந்தும் வர வேண்டும். அதை விட்டுவிடுவதும் பயிற்சிதான். 'ஆம், ஆம், வேண்டாம்' என்று மனதுக்குள் சொல்லிப் பழகுங்கள்: ஒவ்வொரு பந்துக்கும் அடிக்கத்தான் போகிறேன் என்றே கிளம்பி, தப்பான பந்தென்று தெரிந்ததும் கையை நிறுத்துவது. மெதுபந்துக்கு முன்கால் ஊன்றிவிட்டாலும் கைகள் பின்னாலேயே காத்திருக்க முடிகிறதா என்பது இங்கேதான் தெரியும். படி 1-இல் சொன்ன வரிசைக்கு உண்மையான சோதனை இதுவே.

மெதுபந்தில் ஏமாந்து மட்டை மட்டும் எட்டிப்போய்த் தட்டுகிறதா? கவலைப்படாதீர்கள். நேரம் பிசகியதுதான் பிழை, ஸ்விங் அல்ல. அங்கே டீக்குத் திரும்பத் தேவையில்லை, இன்னும் கலந்து போடச் சொல்லுங்கள்.

படி 6: படம்பிடித்து ஒப்பிடுங்கள்

கைபேசியில் மெதுகாட்சியாக, நொடிக்கு 240 படம் வசதி இருந்தால் அதிலேயே, உங்கள் மார்பு பார்க்கும் பக்கத்திலிருந்து இடுப்பு உயரத்தில் வைத்து எடுங்கள். பெப்பரில் மூன்று ஸ்விங், டீயில் மூன்று, முன் டாஸில் மூன்று. பந்தைத் தொடும் நொடியில் ஒவ்வொன்றையும் நிறுத்தி, படி 1-இன் நான்கு கேள்விகளையும் கேளுங்கள்.

டீயில் சரி, டாஸில் தவறு என்றால் உடம்புக்கு வரிசை தெரியும், நேரம் பழக வேண்டும். டீயிலேயே தவறு என்றால் இரண்டு வாரம் பெப்பரை முற்றிலும் நிறுத்திவிடுங்கள். என் விஷயத்தில் அப்படித்தான் செய்ய வேண்டியிருந்தது. மூன்றாவது வாரம் பின் குதிகால் தானாக எழும்பத் தொடங்கியபோதுதான் பெப்பருக்குத் திரும்பினேன், மேலே சொன்ன மாற்றங்களோடு.

நேரத்தைப் பங்கிடுவது

அரை மணி நேரம் இருந்தால், ஐந்து நிமிடம் உடம்பை அசைத்துச் சூடேற்றுங்கள்: மெல்லோட்டம், காலை வீசுவது, இடுப்பைத் திருப்புவது. பெப்பர் ஐந்து நிமிடம், டீ எட்டு, மீதி முழுக்க முன் டாஸ். ஆட்டநாளில் டீயையும் டாஸையும் குறைத்து, பெப்பரை அப்படியே வைத்துக்கொள்ளலாம். ஆட்டநாள் ஸ்விங்கை மாற்றும் நாளல்ல. அன்று வேண்டியது கண் தெளிவும் கை இலகுவும், அவற்றைப் பெப்பர் நன்றாகவே தரும்.

பத்து வயதுக்குக் கீழுள்ள குழந்தைகளுக்கு வரிசையையே மாற்றிவிடுங்கள். முதல் சில மாதங்கள் பெப்பர் வேண்டாம். டீயில் வைத்து, உடம்பெல்லாம் திரும்பும்படி ஓங்கி அடிக்கவிடுங்கள். பந்து தவறட்டும், டீயே சாயட்டும். ஓங்கி அடிக்கத் தெரிந்த குழந்தைக்குத் தட்டுவதைப் பிறகு சொல்லித்தரலாம். தட்டிப் பழகிய குழந்தையை ஓங்கி அடிக்க வைப்பது மிகக் கடினம். பந்து படாமல் போய்விடுமோ என்ற பயம் அதற்குள் உடம்பில் குடியேறிவிடுகிறது.